முட்டிச் சில்லு அறுவை சிகிச்சைக்குப் பிறகு பிஆர்பி ஊசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முட்டிச் சில்லு உடைந்து ஆபரேஷன் முடித்தவர்களும், அவர்களைக் கூட இருந்து கவனித்துக்கொள்பவர்களும் பிஆர்பி பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் சர்ஜன்தான். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

பிஆர்பின்னா என்னங்க? மருந்தா, ரத்தமா?

உங்கள் ரத்தம்தான். பிளேட்லெட் ரிச் பிளாஸ்மா என்பதைச் சுருக்கி பிஆர்பி என்கிறார்கள். கையிலிருந்து ரத்தம் எடுத்து, சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்தில் சுழற்றி, பிளேட்லெட் நிறைந்த பகுதியை மட்டும் பிரித்து எடுப்பார்கள். சாதாரண ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.5 லட்சத்திலிருந்து 4.5 லட்சம் வரை பிளேட்லெட் இருக்கும். பிஆர்பியில் அது 3 முதல் 5 மடங்காக வேண்டும். மைக்ரோலிட்டருக்கு 10 லட்சம் என்பது பலரும் வைத்துக்கொள்ளும் இலக்கு.

பிளேட்லெட் ரத்தத்தை உறைய வைப்பதோடு நின்றுவிடுவதில்லை. அதற்குள் இருக்கும் நுண்ணிய பைகளில் பிடிஜிஎஃப், டிஜிஎஃப்-பீட்டா, விஇஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகள் இருக்கின்றன. காயம் பட்ட இடத்தில் அவை வெளியாகி, சரிசெய்யும் செல்களை வரவழைக்கின்றன, புதிய ரத்தக்குழாய் வளரத் தூண்டுகின்றன. இயற்கையாக நடக்கும் இந்த வேலையைச் செறிவாக, வேண்டிய இடத்தில் நடத்திப் பார்க்கலாம் என்பதுதான் பிஆர்பிக்குப் பின்னால் இருக்கும் எண்ணம்.

சில்லைத்தான் கம்பி போட்டுக் கட்டிட்டாங்களே, அப்புறம் இது எதுக்கு?

முதலில் அந்தக் கம்பி என்ன செய்கிறது என்று பார்ப்போம். குறுக்காக உடைந்த சில்லுக்கு வழக்கமாகச் செய்வது டென்ஷன் பேண்ட் வயரிங். 1.6 முதல் 2 மி.மீ. தடிமனுள்ள இரண்டு கம்பிகளை மேலிருந்து கீழாகச் செருகி, சில்லின் முன்பக்கம் எட்டு வடிவத்தில் வயரைச் சுற்றி முறுக்கிவிடுவார்கள். முட்டியை மடக்கும்போது முன்பக்கம் பிளக்கப் பார்க்கும். வயர் அதைத் தடுத்து, அதே விசையைப் பின்பக்கத்தில் உடைந்த துண்டுகளை ஒன்றோடொன்று அழுத்தும் விசையாக மாற்றிவிடும். சில பேருக்கு துளையுள்ள ஸ்க்ரூ, பிளேட், சில பேருக்கு நொறுங்கிய கீழ்முனையை எடுத்துவிட்டுத் தசைநாரைத் தைப்பது என்று முறை மாறும். எந்த முறையானாலும் எலும்பு கூடுவது இந்தப் பிடிமானத்தால்தான்.

எலும்பு கூடினாலும் மற்ற பிரச்சினைகள் மிச்சம் இருக்கும். சில்லின் பின்பக்கம் இருப்பது உடம்பிலேயே மிகத் தடிமனான குருத்தெலும்பு. விழுந்த அடியில் அதுவும் நசுங்கியிருக்கும். கீழே இருக்கும் தசைநார் கிழிந்திருக்கலாம். பிஆர்பியை எலும்பு உடைந்த இடத்துக்கு, மூட்டுக்குள், தசைநாருக்கு என்று மூன்று வெவ்வேறு இடங்களுக்குச் சொல்கிறார்கள். மூன்றுக்கும் நோக்கம் வேறு, எதிர்பார்க்கக்கூடிய பலனும் வேறு. அதனால் யாராவது பிஆர்பி போடலாம் என்றால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்த இடத்துக்கு, எதற்காக?

போட்டா எலும்பு சீக்கிரம் கூடிடுமா?

அப்படி யாரும் உறுதி தர முடியாது. ஆய்வகத்திலும் விலங்குகளிடமும் நம்பிக்கை தரும் முடிவுகள் வந்திருக்கின்றன. மனிதர்களின் எலும்பு முறிவில் அந்த அளவுக்குத் தெளிவான ஆதாரம் சேரவில்லை. நீண்ட எலும்புகள் கூடுவதற்குப் பிஆர்பி உதவுமா என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2012-இல் அலசியபோது, பயன் உண்டு என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தார்கள்.

முட்டிச் சில்லுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. நல்ல ரத்த ஓட்டமுள்ள எலும்பு அது. பிடிமானம் சரியாக இருந்தால் 8 முதல் 12 வாரத்தில் பெரும்பாலும் தானே கூடிவிடும். கூடாமல் போகிறது என்றால் வயர் தளர்ந்திருக்கும், துண்டுகளுக்கு நடுவே இடைவெளி இருந்திருக்கும், கிருமி தொற்றியிருக்கும், அல்லது புகைப்பழக்கம் இருக்கும். தளர்ந்த வயரைப் பிஆர்பி இறுக்காது.

வலிக்காவது கேக்குமா?

மூட்டுத் தேய்மானத்துக்குப் பிஆர்பி போட்டுச் சில மாதங்கள் வலி குறைந்ததாகக் காட்டும் ஆய்வுகள் பல உண்டு. ஆனால் 2021-இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 288 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பிஆர்பியும் மறுபாதிக்கு வெறும் உப்புநீரும் ஊசியாகப் போட்டார்கள். ஓராண்டு கழித்து வலியிலும் சரி, குருத்தெலும்பின் அளவிலும் சரி, குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அந்த ஆய்வும் தேய்மானத்துக்குத்தான். முறிவுக்குப் பிந்தைய மூட்டுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் ஊசி போட்டவுடன் வலி பறந்துவிடும் என்ற பேச்சை நம்பிப் போகாமல் இருக்க இது போதும்.

அதைவிட முக்கியம், வலி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. சில்லின் மேல் விளிம்பில் விரல் நுனியை வைத்து மெல்லத் தடவிப் பாருங்கள். அரிசி மணி அளவில் ஒரு முண்டு தட்டுப்பட்டு, அதை அழுத்தினால் மட்டும் சுரீரென்று குத்துகிறதா? மண்டியிட்டால் அதே இடம்தானா? அப்படியென்றால் அது கம்பியின் முனை. டென்ஷன் பேண்டில் இது சர்வசாதாரணம். எலும்பு கூடிய பின் கம்பியை எடுப்பதுதான் அதற்கு வைத்தியம், எந்த ஊசியும் கேட்காது. படி இறங்கும்போது சில்லுக்குப் பின்னால் மந்தமாக வலித்தால், பெரும்பாலும் தொடைத் தசை மெலிந்துபோனதும் குருத்தெலும்பு அடிபட்டதும் காரணம். மூட்டுக்குள் பிஆர்பி என்ற பேச்சு நியாயமாக எழக்கூடிய இடம் இந்த இரண்டாவது வகை வலிதான்.

எவ்வளவு ரத்தம் எடுப்பாங்க? என்னென்ன செய்வாங்க?

பயன்படுத்தும் கிட்டைப் பொறுத்து 15 முதல் 60 மி.லி. எடுப்பார்கள். அதிலிருந்து கிடைப்பது சுமார் 3 முதல் 6 மி.லி. பிஆர்பி. ரத்தம் உறையாமலிருக்க சோடியம் சிட்ரேட் அல்லது ஏசிடி-ஏ கரைசல் குழாயில் முன்பே இருக்கும். மெல்லிய ஊசியால் வேகமாக உறிஞ்சினால் பிளேட்லெட்டுகள் வழியிலேயே தூண்டப்பட்டு உள்ளிருப்பதைக் கொட்டிவிடும். அதனால் சற்றுப் பெரிய ஊசியால், நிதானமாக, ஒரே குத்தில் எடுப்பது நல்லது.

சுழற்றி முடித்த குழாயை வெளிச்சத்தில் பிடித்தால் மூன்று அடுக்குகள் தெரியும். அடியில் கருஞ்சிவப்பாக சிவப்பணுக்கள், மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா, இரண்டுக்கும் நடுவே பாலாடை மாதிரி ஒரு வெளிறிய மெல்லிய படலம். வெள்ளணுக்கள் அந்தப் படலத்திலும், பிளேட்லெட்டுகள் அதிலும் அதற்குச் சற்று மேலும் இருக்கும். இரண்டு சுற்று முறையில் முதல் சுற்று மெதுவாக, சிவப்பணுவை ஒதுக்க. இரண்டாவது சுற்று வேகமாக, பிளேட்லெட்டை அடியில் படியவைக்க. பிறகு மேலே இருக்கும் வெறும் பிளாஸ்மாவில் பெரும்பகுதியை நீக்கிவிட்டு, மிச்சத்தில் பிளேட்லெட்டை மெல்லக் கலக்கி எடுப்பார்கள். வேகம் கூடினால் பிளேட்லெட் சேதமாகும், குறைந்தால் சரியாகப் பிரியாது.

மூட்டுக்குள் போடுவதாக இருந்தால் தோலைக் கிருமிநாசினியால் சுத்தம் செய்து, மூட்டில் நீர் கோத்திருந்தால் அதை முதலில் உறிஞ்சிவிட்டு, பெரும்பாலும் சில்லின் மேல்-வெளிப்பக்க மூலை வழியாகப் போடுவார்கள். தசைநாருக்கென்றால் அல்ட்ராசவுண்டில் பார்த்துப் போடுவதே முறை. மரத்துப்போகும் மருந்தைத் தோலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிஆர்பியோடு கலந்தால் பிளேட்லெட்டின் வேலை குறையும், அந்த மருந்துகள் குருத்தெலும்பு செல்களுக்கும் ஆகாது.

எங்க போட்டாலும் ஒரே பிஆர்பிதானே?

இல்லை. ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு இது ஒரு பெரிய காரணம். மேலே சொன்ன வெளிறிய படலத்தையும் சேர்த்து எடுத்தால் வெள்ளணு அதிகமுள்ள பிஆர்பி, அதைத் தொடாமல் எடுத்தால் வெள்ளணு குறைந்த பிஆர்பி. வெள்ளணு அதிகமானால் அழற்சியும் கூடும் என்பதால் மூட்டுக்குள் போட வெள்ளணு குறைந்ததையே பலரும் விரும்புகிறார்கள். சிவப்பணு கலந்து ரோஜா நிறமாக இருந்தால் மூட்டுக்கு நல்லதல்ல. ஆபரேஷன் சமயத்தில் கால்சியம் குளோரைடு சேர்த்து ஜெல்லாக உறையவைத்து வைப்பதும் உண்டு.

போட்டுக்கொள்வதென்று முடிவெடுத்தால் நான்கு விவரங்களை எழுதி வாங்குங்கள்: எத்தனை மி.லி. ரத்தம் எடுத்து எத்தனை மி.லி. போட்டார்கள், பிளேட்லெட் எண்ணிக்கை எவ்வளவு, வெள்ளணு அதிகமானதா குறைந்ததா, எந்த இடத்தில் போட்டார்கள். பின்னால் வேறு டாக்டரிடம் போனால் இந்தத் துண்டுச் சீட்டுதான் உதவும்.

ஆபரேஷன் முடிஞ்சு எத்தனாவது நாள் போடலாம்?

எல்லோரும் ஒத்துக்கொண்ட கால அட்டவணை கிடையாது. ஆபரேஷன் நடக்கும்போதே உடைந்த இடத்திலோ தைத்த தசைநாரிலோ வைப்பது ஒரு வழி. அதற்கென்று தனியாகக் குத்த வேண்டியதில்லை. பிறகு போடுவதென்றால் காயம் முழுசாக ஆறி, தையல் பிரித்து, எக்ஸ்ரேயில் பிடிமானம் நகரவில்லை என்று பார்த்த பின்புதான். பலர் 6 வாரம் வரை காத்திருப்பார்கள்.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை? உள்ளே உலோகம் இருக்கிறது. கிருமி நுழைந்தால் உலோகத்தின் மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும், ஆன்டிபயாடிக் அதைத் துளைத்துப் போக முடியாது. கடைசியில் கம்பியையே எடுக்க வேண்டிவரும். காயத்தில் கசிவோ சிவப்போ இருக்கும்போது மூட்டுக்குள் ஊசி போட ஒத்துக்கொள்ளவே கூடாது.

வலி மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்கேன், நிறுத்தணுமா?

ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை பிளேட்லெட்டின் வேலையைத் தடுக்கும். ஊசிக்கு ஒரு வாரம் முன்பிருந்து 2 வாரம் பின்புவரை அவற்றைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம். அந்த நாட்களில் வலிக்குப் பாராசிட்டமால், டாக்டர் சொன்ன அளவில். எவ்வளவு வலித்தாலும் பெரியவர்கள் ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு வரம்பு இன்னும் குறைவு.

ஆஸ்பிரின் ஒருமுறை தொட்ட பிளேட்லெட்டை அதன் ஆயுள் முழுக்க, அதாவது 7 முதல் 10 நாள், முடக்கிவிடும். ஆனால் இதய ஸ்டென்ட்டுக்காகவோ பக்கவாதம் வந்ததற்காகவோ ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் பிஆர்பிக்காக அதை நிறுத்தவே கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகு காலில் ரத்தக்கட்டி வராமலிருக்கக் கொடுத்த ஊசி, மாத்திரைக்கும் இதே பேச்சுதான். காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. பிஆர்பியைத் தள்ளிப்போடலாம், அந்த மருந்தைத் தள்ளிப்போட முடியாது.

யாருக்கெல்லாம் போடக் கூடாது?

பிளேட்லெட் எண்ணிக்கை 1 லட்சத்துக்குக் கீழே இருப்பவர்கள், ரத்தசோகை அதிகமானவர்கள், பிளேட்லெட் சரியாக வேலை செய்யாத நோயுள்ளவர்கள், காய்ச்சலோ உடம்பில் எங்காவது தொற்றோ இருப்பவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள். கர்ப்பமாக இருந்தாலும் தவிர்ப்பதே வழக்கம். அதனால் முதலில் ஒரு முழு ரத்தப் பரிசோதனை அவசியம்.

போட்ட அன்னைக்கே வலி உயிர் போகுது. தப்பா போட்டுட்டாங்களா?

இரண்டு மூன்று நாள் வலியும் வீக்கமும் இருப்பது இயல்பு. மூட்டுக்குள் திடீரென்று சில மி.லி. திரவம் சேர்ந்த இறுக்கம் ஒன்று, அழற்சி இன்னொன்று. துணியில் சுற்றிய ஐஸை 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். சிலர் ஐஸையும் முதல் நாள் வேண்டாம் என்பார்கள். போட்டவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இயல்பான வலி நாளுக்கு நாள் குறையும். மூன்றாம் நாள் வலி கூடினால், முட்டி தொட்டால் கொதித்தால், குளிர்காய்ச்சல் வந்தால், லேசாக அசைத்தாலே தாங்க முடியாமல் போனால், மறுநாள் வரை பொறுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூட்டில் சீழ் பிடித்தால் குருத்தெலும்பு நாள்கணக்கில் அழியும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ அதுவும் அவசரம்தான். வலி மாத்திரை பற்றிய பதிலில் சொன்ன ரத்தக்கட்டியாக இருக்கலாம்.

ஊசி போட்ட பிறகு பயிற்சியை நிறுத்திடணுமா?

கூடாது. பிஆர்பியால் வரக்கூடிய மிகப் பெரிய நஷ்டம், ஊசிதான் பார்த்துக்கொள்ளுமே என்று பயிற்சியைக் கைவிடுவது. போட்ட முதல் 2 நாள் எடைப் பயிற்சி, நீண்ட நடை வேண்டாம். பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, தொடையை இறுக்குவது இரண்டையும் அன்றைக்கே செய்யலாம்.

தொடையை இறுக்குவது இப்படி: காலை நீட்டி உட்காருங்கள். குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டு. முட்டியின் பின்பக்கம் படுக்கையைத் தொடும்படி அழுத்துங்கள், தொடையின் முன்தசை கல்லாக வேண்டும், சில்லு லேசாக மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். 5 எண்ணும்வரை பிடித்து விடுங்கள். 10 முறை, ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. சில்லு அசையவில்லை என்றால் தசை இன்னும் விழிக்கவில்லை என்று அர்த்தம், பிசியோவிடம் சொல்லுங்கள்.

பிடிமானம் உறுதியாக இருந்தால் வழக்கமான போக்கு இது. முட்டியைத் தாங்கும் பிரேஸ் பட்டையை நேராகப் பூட்டி, ஊன்றுகோலோடு, தாங்கும் அளவுக்குக் காலை ஊன்றி நடப்பது ஆரம்பத்திலிருந்தே. 2 வாரத்தில் 30 டிகிரி வரை மடக்கத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, 6 வாரத்தில் 90 டிகிரி. எடை கட்டி முட்டியை நீட்டும் பயிற்சி எலும்பு கூடியது தெரிந்த பிறகு. நொறுங்கிய சில்லு, எலும்பு பலவீனம் என்றால் சர்ஜன் எல்லாவற்றையும் தள்ளிவைப்பார். காலை நேராகத் தூக்கும்போது குதிகால் எழுந்தும் முட்டி தொய்ந்து மடங்கினால், அடுத்த கட்டத்துக்குப் போக அவசரப்படாதீர்கள்.

பிஆர்பி இல்லாம எலும்பு நல்லா கூட நாமளா என்ன செய்யலாம்?

புகையை விடுங்கள். எலும்புக்கு ரத்தம் போவதையே அது குறைக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் அளவைக் கட்டுக்குள் வைத்தால் தொற்று அபாயமும் குறையும். வைட்டமின் டி குறைவாக இருந்தால் ஈடுகட்டுங்கள். புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் அளவில் கிடைக்கட்டும்; சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் கேட்டு. இவற்றைச் சரிசெய்யாமல் பிஆர்பிக்குப் போவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

முட்டி மடங்கவே மாட்டேங்குது. பிஆர்பி போட்டா இளகுமா?

இளகாது. மடங்காததற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே தழும்புத் திசு ஒட்டிக்கொண்டது. முதல் பதிலில் சொன்ன டிஜிஎஃப்-பீட்டா, தழும்புத் திசு உருவாவதையும் தூண்டக்கூடியது. ஏற்கெனவே இறுகும் முட்டியில் அதைக் கூட்டுவது பற்றி யோசிக்க வேண்டும். 3 மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் 90 டிகிரி எட்டவில்லை என்றால், மயக்கம் கொடுத்து மடக்குவது, ஆர்த்ரோஸ்கோப்பி (சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்வது) மூலம் ஒட்டுகளை விடுவிப்பது ஆகியவற்றைச் சர்ஜன் பரிசீலிப்பார். அதற்கு முன் எலும்பு கூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் மடக்கும் வேகத்தில் சில்லு மறுபடி பிளக்கும்.

ஒருத்தர் ஒரு ஊசி போதும்ங்கறார், இன்னொருத்தர் மூணுங்கறார். யாரை நம்புறது?

இரண்டும் நடைமுறையில் உண்டு. ஒன்று முதல் மூன்று ஊசி, நடுவே 1 முதல் 4 வாரம் இடைவெளி. மூன்றுக்கும் சேர்த்து முன்கூட்டியே ஒப்புக்கொள்ளாமல், முதல் ஊசிக்கு முன் மூன்றை எழுதி வையுங்கள்: படி இறங்கும்போது வலி பத்துக்கு எத்தனை, முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது, கையை ஊன்றாமல் 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது. 6 வாரம் கழித்து மறுபடி பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் அடுத்த ஊசிக்குக் காரணம் இல்லை.

ஸ்டெம் செல்லும் இதுவும் ஒண்ணுதானா?

இல்லை. பிஆர்பியில் ஸ்டெம் செல் கிடையாது. அப்படிச் சொல்லி விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

போட்டிகள்ல விளையாடுறேன். ஊக்கமருந்து சோதனைல மாட்டிக்குவேனா?

பிஆர்பியால் மாட்ட மாட்டீர்கள். தசைக்குள் போடும் பிஆர்பி 2010-இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இருந்தது, 2011-இல் நீக்கப்பட்டது. கவனிக்க வேண்டியது ஸ்டீராய்டு. குளுக்கோகார்டிகாய்டு மருந்தை எந்த வழியில் ஊசியாகப் போட்டாலும் 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை. பிஆர்பியோடு வேறு ஏதாவது சேர்த்துப் போட்டார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

மூணு மாசம் ஆச்சு, எக்ஸ்ரேல இன்னும் கோடு தெரியுது. இப்பவாவது போடலாமா?

கோடு தெரிவதாலேயே கூடவில்லை என்று ஆகிவிடாது. எலும்பு கூடுவது எக்ஸ்ரேயில் எப்போதும் தாமதமாகத்தான் தெரியும். பழைய படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். கோடு மங்கிக்கொண்டே வருகிறது, அழுத்தினால் வலி இல்லை, காலை நேராகத் தூக்க முடிகிறது என்றால் காத்திருக்கலாம். இடைவெளி அகன்றிருந்தால், வயர் அறுந்திருந்தால், தூக்கும் பலம் குறைந்திருந்தால் அது வேறு கதை. சந்தேகம் இருந்தால் சிடி ஸ்கேன் தெளிவாகக் காட்டும்.

அடுத்து, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சிஆர்பி, ஈஎஸ்ஆர் ரத்தப் பரிசோதனைகள். வெளியே தெரியாத தொற்று எலும்பைக் கூடவிடாமல் வைத்திருக்கலாம், அப்போது ஊசி போடுவது தவறு. தொற்று இல்லை, பிடிமானம் மட்டும் விட்டுப்போயிருக்கிறது என்றால் திரும்ப ஆபரேஷன் செய்து இறுக்கி, தேவைப்பட்டால் எலும்புத் துகள் வைப்பார்கள். அந்த ஆபரேஷனில் பிஆர்பியையும் சேர்த்து வைக்கலாமா என்று கேட்பது நியாயமான கேள்வி. அந்த ஆபரேஷனுக்குப் பதிலாகப் பிஆர்பி மட்டும் போதும் என்று யாராவது சொன்னால், படங்களை எடுத்துக்கொண்டு இன்னொரு எலும்பு சர்ஜனிடம் காட்டிவிடுங்கள்.